சிரிப்பான்களுக்கு வாங்கிய பஞ்சு

விளக்கு வைக்கும் நேரத்தில் எங்கள் வீட்டில் பூண்டு மணத்தது.

வலியசாலையில் அந்த நேரத்துக்கென்று ஒரு வாசனை உண்டு. நெய், நல்லெண்ணெய், தெளித்த வாசலின் ஈர மண், யார் வீட்டிலோ கொதிக்கும் ரசம். எல்லாம் சேர்ந்து பழைய போர்வை மாதிரி தெருவின்மேல் கிடக்கும். அந்தப் போர்வைக்குள் ஊசி நுழைந்தது போல இருந்தது பூண்டு. அடுப்பங்கரையிலிருந்து வரவில்லை. அங்கே அடுப்பு அணைந்திருந்தது. பூஜை அறையிலிருந்து வந்தது.

உள்ளே என் அக்கா பர்வதம் உட்கார்ந்திருந்தாள். எதிரே பித்தளைத் தாம்பாளம். அதில் நெய்யில் நனைத்த திரிகள் கொத்துக் கொத்தாக எரிந்துகொண்டிருந்தன. சுவரில் அவள் நிழல் மட்டும் அசைந்தது. அவள் அசையவில்லை.

"ஏன் பர்வதம், பூண்டு வதக்கறயா?"

கொல்லைக் கதவில் கோமு மாமி நின்றாள். அடுத்த வீடு. தெருவில் யார் வீட்டில் என்ன வேகிறது என்பது அந்த மூக்குக்குத் தெரியாமல் போனதில்லை.

"எங்காத்திலயா மாமி? நன்னாருக்கு," என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமலே.

"அப்போ என் மூக்குக்குத்தான் சீக்காக்கும்."

"வாசனை வரது. இல்லைன்னு நான் சொல்லல்லை. ஆனா ஆத்துல ஒரு பல் பூண்டு கிடையாது. வேணும்னா தேடிக்கோங்கோ."

மாமி உண்மையாகவே தேடினாள். அரிசிப் பானை, புளிச் சாடி, விறகு அடுக்கின் பின்புறம். கடைசியில் என் முகத்தருகே குனிந்து மோந்து பார்த்தாள். "நீ சாலைக் கடைத்தெருவுல எதையாவது தின்னுட்டு வரயோடா?"

"ஊதிக் காட்டட்டுமா மாமி?"

"போடா."

போகும்போது மாமி பூஜை அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னாள்: "இது எனக்கு அத்தனை நன்னாத் தோணல்லை, கேட்டியோ."

அக்கா எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, ஒரு குழந்தையின் தலையை முகர்வது போல, மெதுவாக மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வீடு

போன வாரம் இந்தப் பத்தியில் என் பி.ஏ. தோல்வியைப் பற்றி எழுதியிருந்தேன். தோற்றதை இவ்வளவு சந்தோஷமாக எழுதுகிறீரே என்று நாகர்கோவில் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பழகிவிட்டது, ஐயா. பரீட்சை எழுதும் கைக்குப் பதிலாகப் பகவான் எனக்குச் சுற்றும் காலைக் கொடுத்துவிட்டான். அந்தக் கால் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்த முதல் இடம் அக்காவின் வீடு.

அக்காவின் கணவர் சிவராமன், எனக்கு அத்திம்பேர், ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியார். ஒல்லி. வெயிலோ மழையோ கையில் குடை. ஆசாரத்தில் கறார். வெளியே போய் வந்தால் கிணற்றடியில் நின்று தலைக்கு இரண்டு வாளி ஊற்றிக்கொள்ளாமல் உள்ளே கால் வைக்க மாட்டார். அப்படி நனைந்து நனைந்தே அவர் ஒல்லியாகிவிட்டார் என்று அக்கா கேலி பண்ணுவாள்.

அக்காவுக்குக் குழந்தை இல்லை என்று தெருவில் சொல்வார்கள். அது சரியில்லை. ஒன்று பிறந்தது. பெண். பெயர் வைக்கும் நாள்வரை இருக்கவில்லை. அதனால் அதைப் பற்றிப் பேசும்போது எதைச் சொல்லிப் பேசுவது என்று யாருக்கும் தெரியவில்லை. பேச்சே நின்றுவிட்டது.

அந்த வீட்டில் பூண்டு வந்தது அந்த ஒரு தடவைதான். பிள்ளை பெற்றவளுக்கு மருந்து என்று, பிரசவ அறை ஓரத்தில் தனி அடுப்பு வைத்து நெய்யில் வதக்கினார்கள். குழந்தை போன பிறகு அந்த அடுப்பை இடித்து, அறையை மெழுகி, சாம்பிராணி போட்டுப் பூட்டினார்கள்.

பஞ்சுக் கண்கள்

வழுதைக்காட்டில் ஒரு பங்களாவில் வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் இருந்தார். நாங்கள் அங்கே போனபோது அவர் காலமாகிச் சில மாதம் ஆகியிருந்தது. அவர் மனைவி, துரைசானி, ஊர் திரும்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். மூட்டை கட்ட முடியாத சொத்து ஒன்று மிஞ்சியது: பறவைகள். ஆள் உயர மர அலமாரிகள், அவற்றில் மெல்லிய இழுப்பறைகள், இழுப்பறை நிறையப் பறவைகள்.

சீமையில் ஒரு காட்சிசாலை வாங்கிக்கொள்ளச் சம்மதித்திருந்தது. இனம் பிரித்து, படம் வரைந்து அனுப்ப வேண்டும். படத்துக்கு அத்திம்பேர். காலில் கட்டிய சீட்டைப் படித்துச் சொல்ல நான்.

முதல் இழுப்பறையைத் திறந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. சின்னச் சின்ன உடல்கள் மல்லாந்து கிடந்தன. கால்களைக் குறுக்காக வைத்து நூலால் கட்டியிருந்தது. வயிற்றில் பஞ்சு. கண்ணைத் தோண்டி எடுத்த இடத்திலும் பஞ்சு. அத்தனை வெள்ளைக் கண்களும் ஒரே சமயத்தில் கூரையைப் பார்த்தன. நானும் நிமிர்ந்து கூரையைப் பார்த்தேன்.

டாக்டர் எல்லாப் பறவையையும் சுட்டிருந்தாலும், மனசை வைத்தது ஒரே சாதிக் குருவியிடம். மைனாவைவிடச் சிறியது. பழுப்பு முதுகு, சாம்பல் மார்பு, கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவம். கூட்டமாக இருந்து சிரிப்பது போலக் கூவும். ஆங்கிலப் பெயரிலும் சிரிப்பு உண்டு. அத்திம்பேர் அதைச் சிரிப்பான் என்று தமிழாக்கிவிட்டார்.

அது ஒரு சாதியா, இரண்டா? டாக்டர் சாகும்வரை தீராத கேள்வி அதுதான் என்று துரைசானி சொன்னார். மரணப் படுக்கையில் கூட, பிள்ளைகளை விட்டுவிட்டு அதைத்தான் கேட்டாராம்.

"புருவத்தைப் பாருடா மணி," என்றார் அத்திம்பேர். அளவெடுக்கும் கவராயத்தின் இரண்டு முனைகளும் அந்தப் பஞ்சுக் கண்ணுக்கு மேல் நின்றன. "இது கண்ணோட முடிஞ்சுடறது. இதோ இங்க இருக்கறது கண்ணைத் தாண்டிப் பின்னால போறது. இது எங்க பிடிச்சது?"

"பொன்முடி."

"அது?"

"பீர்மேடு."

"இன்னொண்ணு சொல்லு."

"அகத்தியமலை."

"குட்டை. பாத்தயா? நீ வாயைத் திறக்கறதுக்கு முன்னாலயே எனக்குத் தெரியும்."

மாதக் கணக்கில் அப்படியே போயிற்று. தெற்கே உள்ள மலைகளில் குட்டைப் புருவம். வடக்கே நீண்ட புருவம். இரண்டுக்கும் நடுவே அச்சன்கோவில் பக்கம் மலைகள் தாழ்ந்து ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் ஒரு சிரிப்பானும் இல்லை.

அந்தப் பள்ளத்தின் ஓரமாகத்தான் செங்கோட்டை ரயில் வருகிறது. திருநெல்வேலியிலிருந்து எங்கள் சனங்கள் தயிர்சாத மூட்டையோடு, மூன்றாம் வகுப்பில், தூங்கி வழிந்துகொண்டே தாண்டி வந்த இடம். சிறகு உள்ளது தாண்டவில்லை.

"ஒரு பகல் பறந்தாப் போரும்," என்றார் அத்திம்பேர். "இங்க எறங்கி அங்க ஏறணும். அத்தனைதான். பண்ணல்லை. எத்தனை ஆயிரம் வருஷமோ. அதுக்குள்ள புருவமே வேறயாப் போயிடுத்து."

"அங்க உள்ளது ஒண்ணு இங்க வந்துதுன்னா, இதுகளுக்கு அடையாளம் தெரியுமா அத்திம்பேர்?"

அவர் கவராயத்தை மடக்கினார்.

மேலே

உயிருள்ள ஒன்றையாவது பார்க்காமல் படம் வரைய மாட்டேன் என்று அத்திம்பேர் பிடிவாதம் பிடித்ததால் ஒரு தடவை பொன்முடிக்குப் போனோம். நெடுமங்காடுவரை பஸ், விதுரைவரை வண்டி, அப்புறம் நடை. வழி காட்ட மலைவாசியான ஒரு காணிக்காரர் வந்தார். பேசவே மாட்டார். அட்டை கடித்தால் மட்டும் மலையாளத்தில் ஏதோ சொல்வார்.

உச்சிச் சோலைக்குள் மூடுபனி இறங்கியிருந்தது. பக்கத்தில் நின்ற அத்திம்பேரின் குடை தெரிந்தது, அத்திம்பேர் தெரியவில்லை. மரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன.

அப்போது இடப்பக்கம் ஒன்று சிரித்தது. மெல்லத் தொடங்கி, ஏறி, உடைந்தது. வலப்பக்கத்தில் இன்னொன்று அதைப் பிடித்துக்கொண்டது. பிறகு பின்னால். பிறகு தலைக்கு மேல். ஒரு இலைகூட ஆடவில்லை. எங்களைச் சுற்றி ஒரு கல்யாணக் கூட்டமே நின்று, எங்களுக்குத் தெரியாத ஏதோ ஒன்றைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பது போல இருந்தது.

சட்டென்று எல்லாம் ஒன்றாக நின்றது. ஏன் நின்றது என்று தெரியாததுதான் சிரிப்பைவிடப் பயமாக இருந்தது.

"இதுகள் கீழே எறங்குமா?" என்று அத்திம்பேர் காணிக்காரரைக் கேட்டார்.

"இல்லா சாமி. அது தாழத்து வராது." கொஞ்சம் நடந்துவிட்டு அவரே சொன்னார்: "தாழத்து வந்தா அது அதல்ல."

பூச்சி தொடாத பஞ்சு

அந்த மழைக்காலத்தில் அக்கா லட்ச வத்தி நேர்ந்துகொண்டாள். கையால் திரித்த லட்சம் திரிகளை நெய்யில் நனைத்துச் சுவாமிக்கு ஏற்றுவது. குழந்தைக்காகப் பெண்கள் எடுக்கும் விரதம். பகலெல்லாம் திரிப்பாள். விரலைப் பாலில் தொட்டு, உள்ளங்கையில் பஞ்சை வைத்து உருட்டுவாள். சாயங்காலம் ஏற்றுவாள். லட்சம் திரிக்கு எவ்வளவு பஞ்சு வேண்டும் என்பது திரித்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஆரியசாலைக் கடையில் வாங்கியது வாரத்துக்குள் தீர்ந்தது.

பங்களாவில், உட்புறம் தகரம் அடித்த பெரிய பெட்டி ஒன்று இருந்தது. நிறையப் பஞ்சு. அடுத்த வேட்டைக்கென்று டாக்டர் வாங்கிப் பதப்படுத்தி வைத்தது. அவர் போய்விட்டார், பஞ்சு இருந்தது. பார்த்தால் பால் நுரை மாதிரி இருக்கும்.

"வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், மிஸ்டர் சிவராமன்," என்றார் துரைசானி. அவருக்கும் அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. கணவரின் சாமான்களில் அவர் கை வைத்ததே இல்லை.

அத்திம்பேர் யோசித்தார். பறவைத் தோலில் டாக்டர் ஏதோ மருந்து தடவியிருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். செத்த பட்சியின் தீட்டு வேறு. ஆகையால் பறவையைத் தொட்ட எதுவும் வீட்டுக்கு வரக்கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தார். பென்சிலைக்கூடப் பங்களாவிலேயே விட்டுவிட்டு வருவார்.

அவர் கேட்டது ஒரே கேள்வி. "இது பட்சி மேல பட்டிருக்கா?"

"இல்லை. பெட்டியை விட்டு வெளியே வந்ததே இல்லை."

"அப்போ தோஷமில்லை," என்று என் பக்கம் திரும்பினார். "நூலா நூத்தாத்தான்டா தீட்டு ஒட்டும். பஞ்சுக்கு ஒண்ணும் கிடையாது. வெயில்ல காயப் போட்டா ஆச்சு."

பெட்டியில் கையை விட்டு ஒரு கொத்தை எடுத்தார். அடியில் ஒரு கரப்பான் காய்ந்து கிடந்தது. அதைச் சுண்டி எறிந்தார். "பாரு. அலமாரி முழுக்க அந்துப்பூச்சி. இதுல ஒரு பூச்சி ஏறல்லை. முதல் தரம்."

மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தவன் நான்தான். கனமே இல்லை. மேகத்தைச் சுமப்பது போல இருந்தது.

வந்திருக்கு

சில வாரங்களில் அக்காவுக்குக் காலையில் வாந்தி வந்தது. நாளும் தள்ளிப்போயிற்று.

கோமு மாமிக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கிணற்றடியில் அக்கா குனிந்து நிற்பதைச் சுவருக்கு மேலாகப் பார்த்தாள். "அதாக்கும் சங்கதி," என்று அங்கிருந்தே தீர்ப்புச் சொன்னாள். அன்று மத்தியானமே நார்த்தங்காய் ஊறுகாய் வந்தது. பூண்டு வாசனையைப் பற்றிய சந்தேகத்தையும் மாமியே தீர்த்துக்கொண்டாள். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் காணாத வாசனையெல்லாம் வருமாம்.

அக்காவுக்கு அந்த விளக்கம் வேண்டியிருக்கவில்லை. அவளிடம் வேறு விளக்கம் இருந்தது. ஒரு நாள் திரித்துக்கொண்டே, வெகு சாதாரணமாகச் சொன்னாள்:

"அந்த ரூம் வாசனைடா மணி. அதே வாசனை. அவள்தான் வந்திருக்கா."

"யாருக்கா?"

"யாருன்னு கேட்டா நான் என்ன பேர் சொல்லுவேன்?"

அவள் உள்ளங்கை பஞ்சை உருட்டிக்கொண்டே இருந்தது. அந்தக் கையைப் பார்த்தேன். தோல் தடித்து, கம்பு தானியம் பதித்த மாதிரி பொடிப் பொடியாக முண்டுகள் எழும்பியிருந்தன. கழுத்தில் கருப்பும் வெளுப்புமாக, மழைத்துளி விழுந்த புழுதி போல, புள்ளிகள்.

மாமி சொன்ன மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. வயிறு ஏறவில்லை. கன்னம் இறங்கியது. காலில் எறும்பு ஊர்கிறது என்பாள், பார்த்தால் எறும்பு இருக்காது. பிறகு கால் இருப்பதே தெரியவில்லை என்றாள். சுவரைப் பிடித்து நடந்தாள். ஆனால் விளக்கு வைக்கும் நேரம் வந்துவிட்டால் முகம் மட்டும் பளிச்சென்று ஆகிவிடும். தேய்ந்துகொண்டே ஒருத்தி இவ்வளவு சந்தோஷமாக இருப்பதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அவள் செத்துப்போய்விடுவாள் என்று எனக்குத் தோன்றியது. எல்லோரும் பாயசம் பேசிக்கொண்டிருக்கும்போது அதை எப்படிச் சொல்வது?

அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று ஒரு நாள் அத்திம்பேர் பொன்முடிச் சிரிப்பை வாயால் செய்து காட்டினார். நன்றாகவே செய்தார்.

"பண்ணாதீங்கோன்னா," என்றாள் அக்கா, பூட்டிய அறைப் பக்கம் பார்த்து. "தூங்கற குழந்தை எழுந்துக்கும்."

அத்திம்பேர் என்னைப் பார்த்தார். அவர் சிரிப்பு பாதியில் வாயிலேயே நின்றது.

இடம் இல்லாதவை

பங்களாவில் வேலை முடியும் தறுவாய். குட்டைப் புருவம் ஒரு பெட்டி, நீண்ட புருவம் ஒரு பெட்டி. இரண்டிலும் சேராத ஒரு கூடை மிஞ்சியது. கால் உதிர்ந்தவை, காலோடு சீட்டும் உதிர்ந்தவை. எந்த மலையில் பிடித்தது என்று தெரியாதவை.

"புருவத்தை வெச்சு நாம பிரிச்சுடலாமே அத்திம்பேர்?"

"அது கள்ளத்தனம்டா. இடத்தை வெச்சுத்தான் புருவத்தை நம்பினோம். இப்போ புருவத்தை வெச்சு இடத்தைச் சொன்னா, நம்மளை நாமே ஏமாத்திக்கறது. இடம் தெரியாதது பட்சி இல்லை, வெறும் இறகு."

காட்சிசாலையும் அவற்றை வேண்டாம் என்றுவிட்டது. எரித்துவிடுங்கள் என்றார் துரைசானி.

சாயங்கால வெயில். பலாமரத்தடியில் சமையல்காரர் குட்டன் பிள்ளை சருகு கூட்டித் தீ மூட்டினார். கூடையைக் கவிழ்த்தார். இறகு பொசுங்கிச் சுருண்டது. பஞ்சுக் கண்கள் ஒவ்வொன்றாகச் சிவந்து, கணநேரம் உயிர்ப் பார்வை பார்த்து, கறுத்தன.

குட்டன் பிள்ளை மூக்கை உறிஞ்சினார். "இதெந்தா சாமி, வெளுத்துள்ளி வறுத்த மணமல்லோ வருந்நது?"

வெளுத்துள்ளி என்றால் பூண்டு.

புகை காற்றில் எங்கள் பக்கம் திரும்பியது. எனக்கு அந்த வாசனை நன்றாகத் தெரியும். தினம் சாயங்காலம் தெரியும். ஆனால் வெட்டவெளியில், வெயில் வெளிச்சத்தில், எரியும் பறவைகளிலிருந்து அது வந்தபோது, எங்கள் வீட்டுப் பூட்டிய அறையே எழுந்து நடந்து வந்து என் எதிரே நிற்பது போல் ஆயிற்று.

அத்திம்பேர் உள்ளே போனார். தகரப் பெட்டியிலிருந்து, பறவை தொடாத அந்தப் பஞ்சில் ஒரு கொத்தை எடுத்து வந்தார். குனிந்து, தணல்மேல் வைத்தார்.

அதே வாசனை.

"தோலுக்குன்னா மருந்து," என்றார். யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. "தோலுக்குத் தடவறதுன்னுதானே நினைச்சேன்."

துரைசானி வராந்தாவுக்கு வந்தார். கேட்டதும் அவர் முகம் வெளுத்தது. வெள்ளைப் பாஷாணம், ஆர்செனிக், என்றார். கணவர் எல்லாவற்றிலும் அதைத்தான் தூவுவார், பூச்சிக்காக. பஞ்சிலுமா? தெரியாது. தனக்குத் தெரியாது.

அத்திம்பேர் அதற்குள் தெருவில் இருந்தார். குடையை மறந்துவிட்டிருந்தார்.

குளிக்காமல்

வழுதைக்காட்டிலிருந்து தைக்காடு வழியாக வலியசாலைவரை அவர் ஓடினார் என்று சொல்ல முடியாது. ஓடுகிறவர்கள் எங்கேயாவது பார்ப்பார்கள். நான் பின்னால் மூச்சிரைக்க வந்தேன். நாங்கள் தெருவுக்குள் நுழையும்போது வீடுகளில் ஒவ்வொன்றாக விளக்கு வந்துகொண்டிருந்தது.

கிணற்றடியைத் தாண்டி நேரே உள்ளே போனார். செத்த பறவைகளைத் தொட்ட கையோடு, புகை படிந்த வேஷ்டியோடு.

"என்னன்னா இது, குளிக்காமல்?" என்று எழப் பார்த்தாள் அக்கா. கால் எழவில்லை.

அவர் எரிகிற தாம்பாளத்தை வெறுங்கையால் தூக்கினார். நெய் கொதித்துக் கையில் வழிந்தது. கொல்லைக்குக் கொண்டுபோய், கிணற்றடிச் சேற்றில் கவிழ்த்தார். திரித்து வைத்திருந்த திரிகளையும் மிச்சப் பஞ்சையும் மூட்டையோடு தூக்கிப்போய், வாழைக்கு அப்பால் குழி தோண்டிப் புதைத்தார். அதற்கப்புறம்தான் வந்து சொன்னார். நின்றுகொண்டே, பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்கிற குரலில், ஒன்றும் விடாமல் சொன்னார்.

அக்கா கேட்டு முடித்தாள். "விஷம் உங்க கையால வந்திருக்கலாம். குழந்தையை நீங்க கொண்டுவரல்லையே. அது பகவான் கொடுத்தது."

"நாளைக்கு லேடி டாக்டர்கிட்ட காட்டலாம் பர்வதம்."

"காட்டலாமே."

காட்டினோம். கர்ப்பம் இல்லை. வாந்தி, நாள் தள்ளினது, கால் மரத்தது, எல்லாமே பாஷாணம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் தன்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் அந்த அம்மாள். அத்திம்பேரின் நகங்களைப் பார்த்தார், என் தலைவலியைப் பற்றிக் கேட்டார், எங்களையும் கஞ்சி குடிக்கச் சொன்னார்.

அக்கா பிழைத்தாள். கால் திரும்பி வரக் கோடை வந்துவிட்டது. உள்ளங்கை மட்டும் கடைசிவரை சொரசொரப்பாகவே இருந்தது.

பறவைகள் கப்பல் ஏறின. இரண்டு சாதி என்று அத்திம்பேர் வரைந்த படம் அவற்றோடு போயிற்று. பஞ்சுப் பெட்டியின்மேல் அவர் தமிழிலும் மலையாளத்திலும் இங்கிலீஷிலும் விஷம் என்று பெரிதாக எழுதினார். அதன் பிறகு பறவை எதையும் அவர் வரைந்து நான் பார்க்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கிளி வேண்டுமென்றால்கூட, புத்தகத்தைப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்பார்.

ஒரே ஒரு திரி

கடைப் பஞ்சில் அக்கா விரதத்தை முதலிலிருந்து தொடங்கினாள். திரி எரிந்தது. நெய் மணத்தது. அவள் கண்ணை மூடி மூச்சை இழுப்பாள், காத்திருப்பாள், பிறகு விடுவாள். தினமும் இதையே பார்த்தோம். ஒரு நாள் தாம்பாளத்தை நகர்த்தி வைத்துவிட்டாள்.

"இன்னிக்கும் வரல்லை," என்றாள்.

அத்திம்பேர் தலையைக் குனிந்துகொண்டார்.

அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அதற்குள் ஒரு திரி இருந்தது. ஒன்றே ஒன்று. எப்போது எடுத்து ஒளித்தாள் என்று தெரியாது. சொரசொரத்த உள்ளங்கையில் அதை வைத்து நீட்டினாள்.

"நான் அவளுக்கு விடைகொடுக்கவே இல்லையேன்னா. போன தடவையும் இல்லை. இந்தத் தடவையும் நீங்க தட்டோட தூக்கிண்டு போயிட்டேள்."

நான் வாயைத் திறந்தேன். அத்திம்பேர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். வெந்துபோய்த் தோல் சுருங்கிய கை.

நெய்யை அவர்தான் கொண்டுவந்தார். திரியை அவர்தான் நனைத்தார். நெருப்பு வைத்ததும் அது மற்ற எந்தத் திரியையும் போலத்தான் எரிந்தது. மஞ்சளாக, நிமிர்ந்து. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. நுனி கறுத்தது.

வந்தது.

அக்காவின் முகம் விளக்கைவிட அருகில் எதையோ பார்த்தது. உதடு அசைந்தது. என்ன பெயர் சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் இங்கே எழுத மாட்டேன்.

கொல்லைக் கதவு வழியாகக் காற்று வந்தது. சுடர் சாய்ந்தது. அத்திம்பேர் எழுந்தார். அணைத்துவிடப் போகிறார் என்று நினைத்தேன்.

"செத்த நேரம் இருந்துட்டுப் போகட்டும்," என்றாள் அக்கா.

அவர் போய்க் கொல்லைக் கதவைச் சாத்தினார். சன்னலையும் சாத்தினார். திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவளைப் போலவே கண்ணை மூடிக்கொண்டு, மூச்சை உள்ளே இழுத்தார்.